ஆப்பிள்கிராஸுக்குக் கார் ஓட்டிப் போவது எப்படி?

ஸ்காட்லாந்து மலைநாட்டின் மேற்குக் கரையில் இருக்கும் சின்ன ஊர் ஆப்பிள்கிராஸ். கடலைப் பார்த்தபடி ஒரு வரிசை வீடுகள், அவ்வளவுதான். போகிற வழிதான் விஷயம்.

'பியாலாக் நா பா' கணவாய், 626 மீட்டர் உயரம். கேலிக் மொழியில் மாடுகளின் கணவாய் என்று பொருள். ஒரே ஒரு வண்டி போகும் அகலம், கொண்டை ஊசி வளைவுகள். நம் ஊர் போல இடப்பக்க ஓட்டம்தான். ஆங்காங்கே ஒதுங்குமிடம் உண்டு. அது இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே, உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். எதிர்வண்டி அதில் புகுந்து போய்விடும். முதல் தடவை நான் வலப்பக்கம் பாய்ந்து, எதிரே வந்த வேன்காரரும் அதே இடத்துக்கு வர, இருவரும் மூக்கோடு மூக்கு நின்றோம். பின்னால் அவசரமாக வருபவருக்கும் ஒதுங்குமிடத்திலேயே வழிவிடுங்கள். படம் எடுக்க அங்கே நிறுத்தாதீர்கள். உச்சியில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, வானம் தெளிந்தால் ஸ்கை தீவு தெரியும்.

மேகம் இறங்கிவிட்டதா? சரி, ஷீல்டெய்க் என்ற ஊர் வழியாகக் கடலோரச் சாலையில் போங்கள். சுற்றுதான், ஆனால் பக்கத்து இருக்கையில் இருப்பவர் கத்த மாட்டார். அப்புறம், கோடை மாலைகளில் மிட்ஜ் என்ற கடிக்கும் குட்டிப் பூச்சி மொய்க்கும். முகவலை எடுத்துக்கொள்ளுங்கள்.