கத்திரி வெயிலில் ஏலகிரி ஏற வேண்டுமா? பழைய டர்போ காருக்குக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றும் முறை

என் வண்டியில் இருப்பது ஃபியட் உருவாக்கிய 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ எல்லாவற்றிலும் வந்தது இதே எஞ்சின்தான். வேலூர்ப் பக்கம் இன்னும் ஏராளமாக ஓடுகிறது. ஏசி போட்டுக்கொண்டு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் வண்டியின் வயது தெரிந்துவிடும். டர்போ அழுத்தம் கொடுக்கக் கொடுக்க எஞ்சினில் சூடு கூடும். வேகமோ குறைவு, ரேடியேட்டருக்குக் காற்றுப் போதாது.

தொடங்குமுன் ஒன்று. எஞ்சின் சூடேறிய பிறகே கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். "நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு சார், கழற்றிவிடலாம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். பல எஞ்சின்களில் அது திறக்கும்போதே, ரேடியேட்டரைத் தொடாமல் எஞ்சினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை மூடுகிறது. கழற்றிவிட்டால் ஒரு பகுதி கூலன்ட் ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றும். நெடுஞ்சாலையிலோ எஞ்சின் சூடேறாமல் டீசலைக் குடிக்கும். சந்தேகமிருந்தால் வெந்நீரில் போட்டு, அதில் பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டித் திறக்கிறதா என்று பாருங்கள்.

1. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கூலன்ட் ஊற்றும் மூடியைத் திறக்க வேண்டும். ரேடியேட்டரின் கீழ் ஹோஸைக் கழற்றிப் பழைய கூலன்ட்டை வாளியில் பிடியுங்கள். அது இனிக்கும் விஷம். தெரு நாய்கள் நக்கிவிடும். சாக்கடையில் கொட்டாதீர்கள்.

2. தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். நம் போர்வெல் தண்ணீர் வெந்நீர்ப் பானையில் விடும் வெள்ளைப் படிவத்தை ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் விடும்.

3. ஹோஸை அழுத்திப் பாருங்கள். விறைத்திருந்தாலோ, கிளிப் ஓரம் வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். கிளிப்பில் ஸ்பிரிங் வகையே என் தேர்வு. ரப்பர் சுருங்கினாலும் அதன் பிடி தளராது. மூடியையும் புதிதாக வாங்குங்கள், ஆனால் பழையதில் இருந்த அதே அழுத்த எண் இருக்க வேண்டும். செறிவான கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவை சாதாரணமாக 107 டிகிரியில் கொதிக்கும். அதை 120க்கு மேல் தள்ளுவது இந்த மூடிதான்.

4. ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தூசியும் பூச்சியும் கம்பளிபோல் அடைந்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கித் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கன் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் விட்டுவிடாதீர்கள்.

5. கூலன்ட் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. பாதி வேலைகள் கெடுவது இங்கேதான். வண்டியின் மூக்கு மேடேறி நிற்கட்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். இடையிடையே மேல் ஹோஸைப் பிசைந்தால் குமிழ்கள் 'குளுக்' என்று கிளம்பும். காற்றை வெளியே விடும் பிளீட் திருகு இருந்தால், குமிழில்லாமல் ஒழுகும்வரை திறந்து வைத்து மூடுங்கள். பிறகு மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். ஹீட்டரிலிருந்து காருக்குள் வரும் காற்று குளிர்ந்திருந்து வெப்பநிலை முள் மட்டும் ஏறினால், கூலன்ட் வழியில் காற்று இன்னும் சிக்கியிருக்கிறது. அணைத்து, ஆறவிட்டு, மறுபடி ஊற்றுங்கள். மறுநாள் காலை அளவு சற்று இறங்கியிருப்பது இயல்பு.

டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பல வண்டிகளில் அது ஏறத்தாழ 20 டிகிரி வித்தியாசத்துக்கும் நடுவிலேயே நிற்கும். வண்டியின் கணினியிலிருந்து தகவல் படிக்கும் புளூடூத் ஓபிடி கருவி ஒன்று வாங்கினால் உண்மையான எண் கைப்பேசியில் தெரியும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த சிலருக்குக் கலவை நீர்த்துப்போயிருக்கிறது. அலசிய தண்ணீர் எஞ்சினுக்குள் கொஞ்சம் தங்கிவிடும். எனவே மொத்தக் கொள்ளளவில் பாதிக்குச் செறிவான கூலன்ட்டை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். 'ரெடி மிக்ஸ்' கேன் என்றால் இந்தக் கணக்குச் சரிவராது. அதில் தண்ணீர் ஏற்கெனவே கலந்திருக்கிறது. ஒழுகலே இல்லாமல் அளவு குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) சோதிக்கச் சொல்லுங்கள். ஒழுகலை அடைக்கும் பொடி போட்டுச் சமாளித்தால் ஹீட்டர் கோரின் (ஹீட்டருக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டர்) குழாய்களும் அடைந்து, செலவு இரட்டிப்பாகும்.