ஹுவான்: நோயா, கவலையா?

சீனம் படிக்கிறவர்களைக் கொஞ்ச நாளிலேயே குழப்புகிற எழுத்து இந்த ஹுவான் (患). அகராதியில் 'நோயுறு' என்றும் இருக்கும், 'கவலைப்படு' என்றும் இருக்கும். நான் இரண்டையும் தனித்தனியாக உருப்போட்டு, தேவைப்பட்ட நேரத்தில் இரண்டையும் கோட்டை விட்டேன்.

முதலில் ஒலி. நான்காம் தொனி (குரலின் ஏற்ற இறக்கம்), பிள்ளையை 'போடா!' என்று அதட்டுகிற மாதிரி மேலிருந்து சட்டென்று இறங்க வேண்டும். 'மாற்று' என்ற பொருளுள்ள வேறோர் எழுத்துக்கும் அச்சு அசல் இதே ஒலிதான், அதனால் காதை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்து, எழுதிப் பாருங்கள். மொத்தம் 11 கோடுகள். மேலே ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பெட்டிகள் போட்டு, ஏழாவது கோடாக நடுவில் மேலிருந்து கீழே ஒரே குத்து. இந்த மேல்பாதி தனியாக நின்றால் 'சுவான்', கம்பியில் கோர்த்தது என்று பொருள். சீன நகரங்களில் இரவில் கறி சுடும் கடைகளின் வாசலில் சிவப்பு விளக்கில் எரிவது இதுதான். அதன் கீழே நாலு கோட்டில் 'ஷின்', இதயம். நெஞ்சில் கம்பி குத்தியிருக்கிறது என்று நினைவில் வையுங்கள், மறக்காது. (மேல்பாதி பெரும்பாலும் ஒலிக்குறிப்புதான், கதை நம் வசதிக்கு.)

இப்போது பொருள். கி.பி. 100 வாக்கில் சீன அறிஞர் ஷு ஷென் தொகுத்த அகராதி இதற்குக் கவலை என்றே பொருள் சொல்கிறது, நோய் அதில் இல்லை. மனக் கவலையும் உடல் நோயும் ஒரே சொல்லில் சேர்வது நமக்கு ஒன்றும் புதிதல்ல: 'நொந்து போயிட்டேன்' என்கிறோமே, அந்த நொந்ததும் நோயும் 'நோ' என்ற ஒரே வேரில் முளைத்தவைதானே!

சரி, எங்கே எந்தப் பொருள்? பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பாருங்கள். பின்னால் நோயின் பெயர் வந்தால் உடம்புக்கு: 'ஹுவான்யோவ் தாங்நியாவ்பிங்', சர்க்கரை நோய் உள்ளது. இது எழுத்து நடை. ஜலதோஷத்துக்கெல்லாம் நண்பரிடம் இப்படிச் சொன்னால் சிரிப்பார். நோயாளியும் அப்படியே, ஆஸ்பத்திரி அறிவிப்பில் 'ஹுவான்ஜெ', பேச்சில் 'பிங்ரன்'.

நாலெழுத்துத் தொடர்களில் வந்தால் பெரும்பாலும் நோய் அல்ல, கவலையோ தொல்லையோதான். 'ஹுவான் த ஹுவான் ஷி': கிடைக்குமோ என்று ஒரு கவலை, கிடைத்தபின் போய்விடுமோ என்று இன்னொரு கவலை. கன்ஃபூசியஸ் அற்பர்களைப் பற்றிச் சொன்னதிலிருந்து வந்தது. 'யோவ் பெய் வூ ஹுவான்' என்பதில் நோயும் இல்லை, வெறும் கவலையும் இல்லை, வரக்கூடிய தொல்லை: முன்னேற்பாடு இருந்தால் தொல்லை இல்லை. பரீட்சைக்கு இரண்டு பேனாவோடு போகிறவரைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள்.