தீத்தடுப்புக் கதவு: காற்றுக்காகவும் அழகுக்காகவும் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளில் குடியிருக்கும் பலருக்குத் தங்கள் வாசல் கதவு தீத்தடுப்புக் கதவு என்பதே தெரியாது. படிக்கட்டையோ மின்தூக்கிக் கூடத்தையோ ஒட்டிய வீடுகளில் இத்தகைய கதவு இருக்க வாய்ப்பு அதிகம். பொதுவாக அரை மணி நேரமாவது தீயைத் தாக்குப்பிடிக்கும்படி செய்யப்பட்ட கதவு அது. சந்தேகம் இருந்தால் கதவைத் திறந்து, அதன் விளிம்பில் சான்று வில்லை ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

நம் ஊர் வெக்கையில் முதல் பலி, கதவைத் தானாகச் சாத்தும் டோர் குளோசர்தான். காலையில் கதவை விரியத் திறந்து, இரும்புக் கேட்டை மட்டும் பூட்டி, தாழ்வாரத்துக் காற்றை உள்ளே வரவிடுவது பல வீடுகளின் வழக்கம். குளோசர் அதற்கு இடம் கொடுக்காது. ஆகவே கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறோம். சமையலறையில் எண்ணெய் பற்றிக்கொண்டால், பதறி ஓடுகிறவர் கதவைச் சாத்த மறந்துவிடுவார். அந்த மறதிக்காகத்தான் குளோசரே வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் புகை முதலில் போய்ச் சேர்வது தாழ்வாரத்துக்கு, அதாவது எதிர்வீட்டுத் தாத்தா தப்பிக்க வேண்டிய வழிக்கு. சாத்தும் வேகம் அதிகமாக இருப்பதுதான் தொல்லை என்றால், அதிலுள்ள சிறு திருகைத் திருப்பி மட்டுப்படுத்தலாம். கழற்ற வேண்டியதில்லை.

அடுத்த கேடு வீட்டைப் புதுப்பிக்கும்போது வருகிறது. பழைய தரையின் மேலேயே புது ஓடு பதிப்பார்கள்; தரை உயர்ந்து கதவு உரசும்; தச்சர் அடிப்பாகத்தைச் சீவிவிடுவார். கதவின் ஓரத்திலோ நிலையிலோ பள்ளத்தில் பதித்த மெல்லிய பட்டை ஒன்று இருக்கும். சூடு ஏறினால் அது பல மடங்கு உப்பி இடுக்கை அடைத்துவிடும். அழுக்கு நாடா என்று நினைத்துப் பெயின்ட் அடிக்க வந்தவர் அதையும் உரித்துப் போட்டிருப்பார். மின்னிலக்கப் பூட்டுக்காகப் போடும் பெரிய துளையும் இந்தக் கணக்கில்தான் சேரும். பூட்டு வாங்கும்போது, தீத்தடுப்புக் கதவில் பொருத்திச் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். விற்பவர் தயங்கினால் வேறு கடைக்குப் போய்விடலாம். தோரணத்துக்காக ஆணி அடிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒட்டும் கொக்கி போதும், மாவிலைக்கு என்ன கனம்!

கதவையே மாற்றுவதானால், பழையது தீத்தடுப்புக் கதவாக இருந்தால் புதியதும் சான்று பெற்ற தீத்தடுப்புக் கதவாகவே இருக்க வேண்டும். வேலைப்பாடுள்ள தேக்குக் கதவு கண்ணுக்கு விருந்துதான். அதற்குச் சான்று இல்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

வீட்டுக்கு வெளியே வந்தால் படிக்கட்டுக் கதவு. கொண்டோமினியங்களில் பூந்தொட்டியோ தீயணைப்பானோ அதற்கு முட்டுக்கொடுத்து நிற்பதைப் பார்க்கலாம். வீடு மாறுபவர்களும், படியில் நின்று புகைபிடிப்பவர்களும் வைத்துவிட்டுப் போவது. பத்தாவது மாடியில் இருப்பவர் இறங்கி வர இருக்கும் பாதுகாப்பான வழி அந்தப் படிக்கட்டுதான். கீழே ஒரே ஒரு கதவு திறந்துகிடந்தாலும் புகை உள்ளே புகுந்துவிடும். படிக்கட்டு முழுவதும் புகைபோக்கியாகிவிடும். தீயைவிடப் புகையே அதிக உயிர்களைக் குடிக்கிறது என்பதை நினைவில் வைத்து, முட்டுக்கொடுத்திருக்கும் பொருளை எடுத்துவிடுங்கள்.

தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாத வழி இருக்க வேண்டும். செருப்பு அலமாரி, பழைய செய்தித்தாள், சைக்கிள் எல்லாம் சேர்ந்து அதைத் தின்றுவிடுகின்றன. தீபாவளி அகல் விளக்கைச் செருப்பு அலமாரியின் மேல் ஏற்றுவது தனி வில்லங்கம். மின்ஸ்கூட்டரை வாசலருகே வைத்து மின்னூட்டுவதும் அப்படித்தான். பேட்டரி வெடித்தால் அடைபடுவது வெளியேறும் ஒரே வழி.

கேட்டின் சாவி எங்கே என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும், பணிப்பெண்ணுக்கும் சேர்த்து. வெளியேற முடிந்தால் கதவைச் சாத்திவிட்டு, மின்தூக்கியைத் தவிர்த்துப் படியில் இறங்கி 995ஐ அழையுங்கள். தாழ்வாரம் முழுக்கப் புகை என்றால் உள்ளேயே இருந்து, கதவின் அடி இடுக்கில் ஈரத்துண்டைச் செருகி, சன்னலருகே நின்று உதவி கேளுங்கள்.

படிக்கட்டுக் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் வீவக புளோக்கில் நகர மன்றத்திடமும், கொண்டோமினியத்தில் நிர்வாக அலுவலகத்திடமும் சொல்லுங்கள். அவர்கள் அசையவில்லையா? குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலி வழியாகப் படத்துடன் புகார் அனுப்பலாம்.