ஏபெல் டாஸ்மன் கடற்கரைப் பாதை: கடல் வற்றும் நேரம் பாராமல் கிளம்புவோர் செய்யும் தவறுகள்

நியூசிலாந்தின் தென் தீவில், 1942-இல் அமைக்கப்பட்ட ஏபெல் டாஸ்மன் தேசியப் பூங்காவின் கடற்கரைப் பாதை மராஹாவ் முதல் வைனுயி வரை 60 கிலோமீட்டர் நீளமுடையது. பொன்னிற மணலும் செங்குத்தான ஏற்றங்கள் இல்லாத வழியுமாக இருப்பதால், மலையேறிப் பழகாதவர்களும் 3 முதல் 5 நாட்களில் இதை நடந்து முடிக்கலாம். அந்தத் துணிச்சலில் பலர் மொத்தத் தூரத்தை நாட்களால் வகுத்துத் தங்கும் குடில்களை முன்பதிவு செய்துவிடுகிறார்கள். முதல் தவறு அங்கேயே நிகழ்ந்துவிடுகிறது.

பாதையின் குறுக்கே வரும் அவரோவா கழிமுகத்தை, கடல் வற்றுவதற்கு (அதாவது ஓதம் இறங்கி நீர்மட்டம் மிகத் தாழும் நேரத்துக்கு) ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து, வற்றிய பின் 2 மணி நேரம் வரை மட்டுமே நடந்து கடக்க முடியும்; சுற்றிச் செல்ல வேறு பாதை கிடையாது. காலை 9 மணிக்குக் கடல் வற்றுமானால், 7.30 முதல் 11 வரைதான் வழி திறந்திருக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த வற்றம் இரவு ஒன்பதரை மணியளவில்தான் வரும். வற்றும் நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், போன வாரம் சென்று வந்த நண்பரின் நேரத்தை நம்புவதில் பயனில்லை. ஆகவே அவரோவாவைக் கடக்கும் நாளையும் நேரத்தையும் முதலில் முடிவு செய்து, மற்ற இரவுகளை அதற்கேற்ப அமைத்துக்கொள்வதே சரியான முறை. வற்றிய நேரத்திலும் நடுவில் ஓடைகள் ஓடும். மணலில் புதைந்திருக்கும் சிப்பி ஓடுகள் வெறுங்காலைக் கிழித்துவிடும் என்பதால், நனைந்தாலும் பரவாயில்லை என்ற செருப்பொன்று அவசியம்.

இன்னொரு தவறு கடிகாரத்தில் ஒளிந்திருக்கிறது. செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அந்நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கிறார்கள். ஆனால் சில அட்டவணைகளில் வற்றும் நேரம் வழக்கமான நேரப்படியே அச்சாகியிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைக் கூட்ட மறப்பவர், கழிமுகம் இன்னும் நிறைந்திருக்கும்போதே கரையில் வந்து நிற்பார். பாதையில் வரும் இன்னொரு இடமான டோரன்ட் பே விரிகுடாவில் இந்தப் பதற்றம் வேண்டியதில்லை. தண்ணீர் ஏறியிருந்தால் கூடுதலாக ஒரு மணி நேரம் போல நடந்து சுற்றிச் செல்லலாம்.

குடில்களில் சமையல் அடுப்பு இருக்காது. அடுப்பும் எரிபொருளும் பாத்திரமும் நாமே கொண்டுபோக வேண்டும், குப்பையையும் நாமே திரும்பக் கொண்டுவர வேண்டும். உணவுப் பையை வெளியே திறந்து வைத்தால், வெகா என்னும் பறக்க இயலாத பழுப்புப் பறவை கூச்சமின்றி வந்து கொத்திக்கொண்டு ஓடிவிடும். கடிக்கும் மணல் ஈக்களுக்கான களிம்பையும் மறக்கலாகாது.

களைத்தால் படகு டாக்சியில் திரும்பிவிடலாம் என்ற எண்ணமும் ஓரளவுக்குத்தான் செல்லும், ஏனெனில் அப்படகுகள் வடக்கே டோடரானுயி வரைதான் வருகின்றன. அதைத் தாண்டி நடந்தவர் வைனுயி முனைக்கு நடந்தே போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து ஊர் திரும்புவதற்கான வண்டியையும் கிளம்பும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.