விழுமியங்களைக் கொண்டு வழிநடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விற்பனைத் துறையில் புதிதாக மேலாளர் பொறுப்பேற்பவர்களுக்குப் பயிற்சி அளிக்கும்போது, எங்கள் தலைமுறை மேலாளர்கள் செய்த அதே தவறுகளை அவர்களும் அப்படியே செய்வதைப் பார்க்கிறேன். பொய் சொல்லக் கூடாது, பிறர் உழைப்பைத் தன்னுடையதாகக் காட்டக் கூடாது என்பனவெல்லாம் எவருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சொந்தப் பழக்கத்தைக் கொள்கையாக்குவது

காலை எட்டு மணிக்கே அலுவலகம் வந்துவிடும் மேலாளர், ஒன்பதரைக்கு வருபவரைப் பொறுப்பற்றவர் என்று கருதத் தொடங்குகிறார். வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது கொள்கை. எட்டு மணிக்கு வருவது அவருக்குத் தோதான பழக்கம். இரண்டுக்கும் ஒரே அளவு கண்டிப்புக் காட்டினால், எது உண்மையிலேயே மீறக் கூடாதது என்பது குழுவுக்குத் தெரியாமல் போகிறது.

நேர்மையைப் பேசிவிட்டு இலக்கை மட்டும் பார்ப்பது

இந்த ஒன்றைத்தான் இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. நுகர்பொருள் விற்பனையில் மாதத்தின் கடைசி நாள்களில் என்ன நடக்கும் என்பது துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். இலக்கு எட்டாத பகுதிகளில், விநியோகஸ்தர் கேட்காத சரக்குக்கும் பில் போடப்படும். அடுத்த மாத முதல் வாரத்தில் அதே அட்டைப்பெட்டிகள் பிரிக்கப்படாமலே ரிட்டர்னாகத் திரும்பி வரும். நான் அறிந்த ஒரு நிறுவனத்தில் இப்படிப் பில் போட மறுத்த இளைஞர் இலக்கில் பின்தங்கினார். சரக்கைத் திணித்தவர் பதவி உயர்வு பெற்றார். இருவருடைய ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் விற்பனை விழுக்காடு இரண்டு தசமப் புள்ளி வரை கணக்கிடப்பட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் நேர்மை என்ற கட்டத்தில் இருவருக்கும் ஐந்துக்கு நான்கு; மேலாளர் குறிப்பு எழுத வேண்டிய இடம் இரண்டிலும் காலி. அந்த மேலாளர் கெட்டவர் அல்லர். பணவிஷயத்தில் மிகவும் கறாரானவர். ஆனால் இலக்கைத் திருத்தித் தரும்படி மேலிடத்தில் கேட்கவோ, மறுத்தவரின் ஊக்கத்தொகைக்காக வாதாடவோ அவர் முன்வராததால், நேர்மைக்கான செலவு முழுவதும் அந்த இளைஞர் தலையில் விழுந்தது. அவர் வேலையை விட்டார். அதற்குப் பிறகு அந்தக் குழுவில் எவரும் பில் போட மறுக்கவில்லை.

இதையே பெரிய அளவில் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் காணலாம். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகளையாவது விற்க வேண்டும் என்ற நெருக்குதலில், ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் தொடங்கினார்கள், 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது, ஏறத்தாழ 5,300 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தது வெளியே வந்தது. விழுமியங்களை விளக்கும் அச்சிட்ட கையேடு அந்த வங்கியிலும் இருந்தது! ஆகவே முதலில் ஊக்கத்தொகைத் திட்டத்தைப் படியுங்கள். உங்கள் கொள்கையைக் கடைப்பிடிப்பவர் அதனால் பணம் இழப்பார் என்றால், திட்டத்தை மாற்றும்வரை கொள்கையைப் பற்றிக் கூட்டத்தில் பேச வேண்டாம்.

குடும்பம் என்று சொல்வது

பணிநீக்கக் கடிதம் தரக்கூடிய இடத்தைக் குடும்பம் என்று அழைக்காதீர்கள்.

அதிகம் விற்பவருக்கு விதிவிலக்கு

அதிகம் விற்பவர் ஏசினாலும் பொறுத்துப் போகும்படி சொல்லப்பட்ட உதவியாளர்தான் முதலில் விலகுவார்.

முன்னுரிமையைச் சொல்லாமல் விடுவது

வாடிக்கையாளர் நலன், ஊழியர் நலன், லாபம் ஆகிய மூன்றையும் சமமாக அடுக்கினால், அவை மோதும் நாளில் பெரும்பாலும் லாபமே வெல்லும். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் 1943ஆம் ஆண்டுக் கொள்கை அறிக்கை, தன் பொருள்களைப் பயன்படுத்துவோரை முதலிலும் பங்குதாரர்களைக் கடைசியிலும் வைத்தது. 1982இல் சிகாகோ பகுதியில், அதன் டைலனால் என்ற வலிநிவாரணி மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்ததால் ஏழு பேர் இறந்தபோது, அந்நிறுவனம் நாடு முழுவதும் ஏறத்தாழ 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. (பிற்காலத்தில், புற்றுநோய் உண்டாக்கியதாகத் தொடரப்பட்ட குழந்தைகள் பவுடர் வழக்குகளில் அதே நிறுவனம் சிக்கியதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.) உங்கள் குழுவிலும் இந்த வரிசையை நெருக்கடி வருமுன்பே, ஏற்கெனவே நடந்த ஒரு புகாரையோ தவறிப்போன ஓர் ஆர்டரையோ மேசையில் வைத்துக்கொண்டு, அனைவரோடும் பேசி முடிவுசெய்யுங்கள்.