கழற்றி வந்த சேஃப்டி வால்வைத் துடைக்காதீர்கள்

அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து கலத்தைக் காப்பது சேஃப்டி வால்வு. கழற்றிய வால்வு பட்டறைக்குள் வந்ததும் துணியையும் கம்பி பிரஷ்ஷையும் தேடும் கைகளை நான் முதலில் தடுத்துவிடுவேன். உள்வாய்க் குழலான நாசிலில் படிந்த உப்பும் அதை மூடும் டிஸ்கில் ஒட்டிய துருவும்தான், அந்த வால்வு லைனில் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு நம்மிடம் மிஞ்சும் ஒரே சாட்சி. ஒரு தட்டு தட்டினாலும் அது கலைந்துவிடும்.

ஆகவே வால்வை நிமிர்த்தியபடியே கொண்டுவாருங்கள். லீவரைக் கைப்பிடியாக்கித் தூக்கக் கூடாது. நச்சு வாயு லைனிலிருந்து வந்த வால்வுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கே ஆளின் உயிர் முதலில். சுத்தப்படுத்திவிட்டு, வந்த நிலையிலேயே செய்யும் முதல் சோதனை நடக்கவில்லை என்று பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

அடுத்து பெயர்ப்பலகையைப் படியுங்கள். வால்வு திறக்க வேண்டிய அழுத்தமான செட் பிரஷரைத் தவிர, குளிர்நிலைச் சோதனை அழுத்தம் என்று இன்னொரு எண்ணும் அதில் இருக்கலாம். சூடான லைனில் ஸ்பிரிங் சற்றுத் தளர்வதால் வால்வு முன்னதாகவே திறக்கும். அதை ஈடுகட்டத்தான் குளிர்ந்த சோதனை பெஞ்சில் சற்றுக் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கிறோம். பெஞ்சில் அந்த எண்ணைத்தான் பின்பற்ற வேண்டும். அளவுத்திருத்தம் செய்யப்பட்ட கேஜ் இல்லையென்றால் சோதனையைத் தொடங்கவே வேண்டாம்.

வெளிவாய்க்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. அழுத்தத்தை ஏற்றி, செட் பிரஷரை நெருங்கும்போது ஊசியின் நகர்வைக் கண் தொடரும் அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள். ஒருமுறை 10 பார் வால்வு ஒன்று 12.6 பாரில்தான் பெரும் சத்தத்துடன் திறந்தது. மறுமுறை ஏற்றியபோது 10.1. உடனிருந்த இளைஞர் 10.1 என்று எழுதப் போனார். இரண்டு எண்களையும் எழுதச் சொன்னேன். முதல் எண் உயர்ந்து இரண்டாவது சரியாக வந்தால், படிவு டிஸ்கைப் பிடித்து வைத்திருந்தது என்று பொருள். இரண்டுமே உயர்ந்திருந்தால் ஸ்பிரிங் அமைப்பே தவறு. முதல் வகை வால்வை அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கழற்ற வேண்டும். 12.6 என்ற எண் பதிவில் இல்லையென்றால் இந்த முடிவை யாராலும் எடுக்க முடியாது. ஒன்றரை மடங்கு வரை ஏற்றியும் திறக்கவில்லையா? நிறுத்துங்கள். அது அடைத்துக்கொண்ட வால்வு. அந்தக் கலம் இத்தனை நாள் பாதுகாப்பே இல்லாமல் ஓடியிருக்கிறது.

இனிப் பிரிக்கலாம். ஸ்பிரிங்கைத் தளர்த்தும் முன், திறந்த வால்வு எந்த அழுத்தத்தில் மீண்டும் மூடும் என்பதை அமைக்கும் புளோடவுன் வளையம் எத்தனை பல் தள்ளி நிற்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கும் அதன் வாஷர்களும் ஒரே ஜோடி. வேறு வால்வின் வாஷரோடு கலக்காதீர்கள். டிஸ்கையும் நாசிலையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சமப்படுத்தி லாப்பிங் செய்யும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். இரண்டின் பரப்பும் கெட்டுவிடும். தட்டையான லாப்பிங் கட்டையில் ஒவ்வொன்றையும் தனியாகத் தேயுங்கள்.

பாகங்களை மீண்டும் பூட்டிய பின் செட் பிரஷரைச் சரிசெய்யுங்கள். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) அழுத்தக் கல விதிகளான பிரிவு 8-இன்படி 5 பாருக்கு மேல் ±3 சதவீதம் வரை ஏற்கலாம். 10 பார் வால்வுக்கு 9.7 முதல் 10.3 வரை.

கசிவுச் சோதனைக்கு அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தரநிலையான ஏ.பி.ஐ. 527-ஐப் பின்பற்றுகிறேன். வெளிவாயை மூடி, அதிலிருந்து ஒரு சிறு குழாயை நீர்மட்டத்துக்குக் கீழே 12.7 மி.மீ. அமிழ்த்தி, செட் பிரஷரின் 90 சதவீதத்தில் நிறுத்திக் குமிழிகளை எண்ண வேண்டும். டிஸ்க் அமரும் பரப்பு, அதாவது இருக்கை, மென்மையாக உள்ள வால்வில் ஒரு குமிழிகூட வரக் கூடாது. உலோக இருக்கைக்கு நிமிடத்துக்கு இத்தனை என்ற வரம்பு அளவைப் பொறுத்து மாறும். மூடிய வாய்க்குள் வால்வு திறந்துவிட்டால் மூடி பறக்கும்; எனவே 90-ஐத் தாண்ட யாரையும் விடாதீர்கள்.

முடிந்ததும் கம்பி கோத்து ஈய முத்திரை இடுங்கள். லைனில் பொருத்திய பிறகு, ஸ்பிண்டிலை அழுத்திப் பிடிக்கும் சோதனைத் திருகு எதுவும் மாட்டியபடி இல்லை என்பதை உங்கள் விரலால் தொட்டே உறுதிசெய்யுங்கள். அடியில் லைனை மூடித் திறக்கும் அடைப்பு வால்வு இருந்தால் அதை முழுவதும் திறந்து, சங்கிலியிட்டுப் பூட்டிவிட்டு இறங்குங்கள்.