மூளைக்கட்டிச் சத்திரசிகிச்சைக்கு முப்பரிமாணப் படம் தயாரித்தல்

முப்பரிமாணத் திட்டம் பிழையாகிப் போவதென்றால் பெரும்பாலும் ஸ்கான் கேட்கும் சீட்டிலேயே பிழையாகிவிடும். "எம்.ஆர்.ஐ. மூளை" என்று மட்டும் எழுதினால் 5 மில்லிமீற்றர் தடிப்பில், இடைவெளி விட்ட படங்கள்தான் வரும். நோயை அறிய அவை போதும். ஆனால் அவற்றை அடுக்கி முப்பரிமாண உருவாக்கினால் கட்டி படிக்கட்டு மாதிரித் தெரியும். கொன்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிய முப்பரிமாண டி1 (எம்.ஆர்.ஐ. படவகை ஒன்று), எல்லாத் திசையிலும் 1 மி.மீ., இடைவெளியின்றி என்று எழுதுங்கள். உச்சந்தலை, மூக்கு நுனி, இரு காதுகள் எல்லாம் படத்துக்குள் வரவேண்டும். மூக்கு வெட்டுப்பட்டால், தியேட்டரில் சுட்டி வைத்த இடத்தை ஸ்கான் படத்தில் காட்டும் நெவிகேஷன் கருவிக்கு முகத்தைப் பொருத்திப் பார்க்க வழியில்லை. கொன்ட்ராஸ்ட் பிடிக்காத கட்டிக்கு முப்பரிமாண ஃபிளேயரும் (மூளைநீரைக் கறுப்பாக்கிக் கட்டியையும் வீக்கத்தையும் வெளிச்சமாகக் காட்டும் படவகை) தேவை.

கொன்ட்ராஸ்ட் மருந்தான கடோலினியம் வழமையாகக் கிலோவுக்கு 0.1 மில்லிமோல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் பார்த்த பிறகே. போர் நடந்த மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இன்னொரு கேள்வியையும் விடக்கூடாது: உடம்பில் ஷெல் துண்டு, சன்னம் ஏதும் இருக்கிறதா? பழைய காயம்தானே என்று சொல்லாமல் விடுபவர்கள் உண்டு. தழும்பைக் கண்டால் முதலில் எக்ஸ்ரே. கண்ணுக்குள் இரும்புத் துகள் இருந்தால் காந்தம் அதை அசைத்துப் பார்வையைப் பறிக்கலாம்.

வேறிடத்தில் எடுத்த ஸ்கான் என்றால் பிலிம் உதவாது. டைகொம் கோப்புகள் (ஸ்கானின் மூல டிஜிட்டல் படங்கள்) உள்ள இறுவட்டைக் கேட்டு வாங்குங்கள். 3டி ஸ்லைசர், ஸ்கானிலிருந்து முப்பரிமாணப் படம் கட்டும் இலவச மென்பொருள். ஒத்திகைக்கு நல்லது, தியேட்டரில் வழிகாட்ட அல்ல. கோப்பைத் திறந்ததும் பெயர், திகதி, இடம்-வலம் சரிபாருங்கள். பிரகாச அளவை வைத்துக் கட்டியைப் பிரிக்கும்போது பக்கத்து நாளங்களும் மூளை உறையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் அழுகிய பகுதி ஓட்டையாக விடுபடும். ஒவ்வொரு வெட்டாகப் போய் அழித்து, நிரப்பித்தான் ஆகவேண்டும். மேற்பரப்பு அழகாக வரட்டும் என்று அதிகம் மழுப்பினால் சின்னப் புடைப்புகள் காணாமல் போகும்.

எம்.ஆர்.ஐ.யிலிருந்து மென்பொருள் வரையும் நரம்பு நார்ப் படத்தை அப்படியே நம்பவேண்டாம். வீக்கம் உள்ள இடத்தில் மென்பொருள் நாரைத் தொடர முடியாமல் நிறுத்திவிடும். படத்தில் இல்லை என்பதற்காக அங்கே வெட்டலாம் என்று ஆகாது.

தியேட்டரில் தலையைப் பொருத்தியபின் கருவி பிழை 2 மி.மீ.க்குள் என்று காட்டினாலும், அது சராசரிதான். சுட்டியை மூக்குப் பாலம், கடைக்கண், காது முன்மேடு ஆகியவற்றில் வைத்துத் திரையில் அதே இடம் வருகிறதா என்று பாருங்கள். தோலில் ஒட்டும் குறிகளை வைத்து ஸ்கான் எடுத்திருந்தால், வியர்வையில் கழன்றாலும் இடம் தெரிய, ஒவ்வொன்றையும் சுற்றி அழியாத மையால் முன்கூட்டியே வட்டம் போடுங்கள். இங்கத்தைய வெக்கையில் கழலத்தான் செய்யும்.

மூளை உறையைத் திறந்து மூளைநீர் வடிந்ததும் மூளை கீழிறங்கும், சிலவேளை 1 சென்ரிமீற்றருக்கு மேலும். அதற்குப் பிறகு திரையில் தெரிவது பழைய இடம். ஆகவே கட்டியின் ஓரங்களை உறை திறக்க முன்பே குறித்துவையுங்கள். அல்ட்ராசவுண்ட் இருந்தால் இடையிடையே பாருங்கள்.